மேசைமேல் வைத்த தைல டப்பா

இன்று காலை டப்பாவைத் திறந்தேன். சாம்பலோடு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், தலைவலித் தைலத்தின் வாசனை லேசாக வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

நான் இப்போது செவிலிமேட்டுப் பால்வாடியில் வேலை பார்க்கிறேன். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்குக் கடைசியில் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு இடத்தில்தான் வேலை கிடைத்தது. டீச்சர் வேலை இல்லை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்து, கால் கழுவி விடுகிற வேலை. இருபத்திரண்டு வயசில் என்னை ஆயா என்று கூப்பிடுகிறார்கள்.

நாலு நாளாக ஒரு சின்னப் பெண் இங்கே மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அம்மா விட்டுவிட்டுப் போனதும் உள்ளே நுழைந்தால், சாயங்காலம் அம்மா வரும்போதுதான் வெளியே வருகிறாள். அழுவதில்லை, பேசுவதில்லை. மேற்பார்வைக்கு வருகிற அம்மா நேற்று குனிந்து பார்த்தார்.

“பிடிவாதம். ரெண்டு போட்டு இழுத்து வெளிய வுடு. கொஞ்சினா தலைமேல ஏறிக்கும்.”

மாட்டேன் என்றேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பாதி படித்திருக்கிறேன் என்றேன். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் திரும்ப வருவாராம். அதற்குள் அவள் மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்காரவில்லையென்றால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

யாரிடம் கேட்பது? மேசைக்கு வெளியே நின்று பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொன்னவள் நீ ஒருத்திதான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒவ்வொருவராக எழுந்து செய்யுள் ஒப்பிக்க வேண்டும். உயரத்தை வைத்து உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் என்பதற்கு மேல் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன் முறை வந்தது. எழுந்தாய். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கின. ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கி அப்படியே பெஞ்சில் சரிந்தாய்.

வலிப்பு என்று யாரோ ஒருத்தி கத்தினாள். ஆபீஸிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துவந்து உன் கையில் திணித்தார்கள். ஒருத்தி வெங்காயம் கேட்டு ஓடினாள். நாற்பது பேர் உன்னைச் சுற்றி நின்றோம். ஆனால் உனக்கு நினைவு தப்பவில்லை. கண் திறந்திருந்தது. எல்லாரும் போய்த் தொலையுங்கள் என்று அந்தக் கண் சொன்னது. எனக்கு அது தெரிந்தது. அத்தனை பேரையும் தள்ளிவிட்டேன். தள்ளியதற்கு எனக்கு அடி விழுந்தது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதே கதை. உன் வீட்டில் பூசாரியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழுத்தில் தாயத்து வந்தது. அடுத்த வாரம் கையில், அதற்கும் அடுத்த வாரம் இடுப்பில். “இன்னும் ரெண்டு கட்டுனாங்கன்னா நானே ஒரு கடை வெச்சிடலாம்டி” என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னாய். அன்றைக்குத்தான் நீ தமாஷ் பேசுவாய் என்றே எனக்குத் தெரிந்தது.

எல்லாரும் உன்னிடம் காரணம் கேட்டார்கள். உச்சி வெயிலில் புளிய மரத்தடியில் போனாயா, கிணற்றில் எட்டிப் பார்த்தாயா, பாடம் படிக்கவில்லையா. படிக்காதவளா நீ? அதே செய்யுளைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு எழுத்துப் பிசகாமல் என்னிடம் சொல்லுவாய். காரணம் இருந்தால்தான் ஒரு பெண் பயப்படலாம் என்று யார் சட்டம் போட்டது? காலில் முள் குத்தியவளை எந்த மரத்து முள் என்று கேட்டு நிற்கவைப்பார்களா?

எனக்கும் ஒரு கோளாறு இருந்தது. சும்மா உட்கார வராது. கால் ஆடும், கை ஆடும், வாய் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடும். ஒரே ஒரு சமயம் மட்டும் அடங்கி உட்காருவேன். எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவு பிணைக்கும்போது. பழைய பாவின் நீள இழைகள் ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். முடிச்சுப் போடுவதில்லை. விரலில் சலித்த சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அடுத்தது. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நூறு இழை தாண்டினால் என் கால் நிற்கும். ஐந்நூறு தாண்டினால் மண்டைக்குள் ஓடுவதும் நிற்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, உன் முறைக்கு இன்னும் நாலு பேர். உன் முழங்கால் பெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. என் பாவாடையில் எப்போதும் பட்டு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு இழை பிய்த்து மேசைக்கு அடியில் உன் கையில் வைத்தேன்.

“பிணை.”

“இன்னாது?”

“ரெண்டு நுனியையும் சேத்து முறுக்குடி. ஒட்டற வரைக்கும்.”

சாம்பல் இல்லாமல் அது ஒட்டாது. வழுக்கிக்கொண்டே போனது. உனக்கு எரிச்சல் வந்தது. அந்தப் பீரியடில் உன் முகத்தில் பயத்தைத் தவிர வேறொன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நூலைக் கையில் பிடித்தபடியே எழுந்தாய். எட்டு வரியில் நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். நாலு வரி! திங்கட்கிழமை, அம்மா தீர்த்துப்போட்ட தைல டப்பாவில் சாம்பல் நிரப்பிக் கொண்டுவந்தேன்.

நூல் என்னுடையது, சட்டம் உன்னுடையது. “நீ பேசாத. இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு கேக்காத, கேட்டா இன்னும் ஜாஸ்தியாவுது. பக்கத்துல இரு, அது போதும்” என்றாய். என்னைப் போய்ப் பேசாதே என்றாய். பத்துச் செய்யுள் மனப்பாடம் செய்திருப்பேன், அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கற்றுக்கொண்டேன். எல்லா நாளும் நூல் வேலை செய்யவில்லை. சில நாள் இரண்டு பேரும் எழுந்து வெளியே ஓடி, குழாயடியில் குந்தியிருந்து, திரும்பி வந்து திட்டு வாங்கினோம். ஆனாலும் நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் வந்தாய்.

எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் மாட்டிக்கொண்டோம். உன் அம்மா துவைப்பதற்காகப் பையை உதறியபோது டப்பா விழுந்து திறந்தது. உள்ளே சாம்பல், அரக்கும் கறுப்புமாக முறுக்கிய நூல் துண்டுகள், நடுவே எப்படியோ ஒட்டிக்கொண்ட நாலைந்து தலைமயிர். எங்கள் தெருவில் நாலு வயசுப் பிள்ளையைக் கேட்டாலும் அது பாவு பிணைக்கிற சாம்பல் என்று சொல்லிவிடும். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற உன் வீட்டில் யாருக்குத் தெரியும்? பூசாரி பார்த்துவிட்டுச் சுடுகாட்டுச் சாம்பல் என்றார், செய்வினை என்றார். சினேகிதி கொடுத்தது என்று நீ சொன்னாய். உண்மையைச் சொன்னாய், அதனால் எல்லாம் இன்னும் கெட்டது.

உன் நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்த கோலம் எனக்கு மறக்காது. வேப்பிலைக் கொத்துக்குள் டப்பாவை வைத்து, பாம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் மாதிரி கையை நீட்டிப் பிடித்து வந்தார். பெரிய டீச்சர் வெளியூர்க்காரர். செய்வினையில் நம்பிக்கை இல்லாதவர், ஒழுங்கில் மட்டும் நம்பிக்கை உள்ளவர். உன்னையும் என்னையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“எம் பொண்ணு உனக்கு இன்னாம்மா கெடுதல் பண்ணா? எதுக்கு சுடுகாட்டு சாம்பல் வெச்ச?” என்று கேட்டார் உன் நைனா. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“அது எங்க வூட்டு அடுப்பு சாம்பல், மாமா. சுடுகாட்டுக்கு நான் ஏன் போறேன்? பள்ளிக்கூடத்துக்கே நேரத்துக்கு வர்றது கிடையாது.”

யாரும் சிரிக்கவில்லை. மந்திரமோ தந்திரமோ, வகுப்பில் இரண்டு வருஷமாக விளையாடியிருக்கிறீர்கள் என்றார் பெரிய டீச்சர். உன் நைனா அதைக் காதில் வாங்கவே இல்லை. உன்னைப் பேய் ஓட்டுகிற கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கப் போவதாகச் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார் டீச்சர். பரவாயில்லை, பொண்ணு பிழைச்சாப் போதும் என்றார் அவர்.

உன் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. அவர்கள் இரண்டு பேரும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் உன்னைப் பார்க்கவில்லை. நான் நகர்ந்து உன் பக்கத்தில் வந்து நின்றேன். உன் மூச்சு இறங்குகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் கேட்டேன்.

“மாமா, எங்க வூட்டாண்ட வாங்க. அஞ்சு நிமிசம். அப்பால எந்தக் கோயிலுக்கு வேணா இட்டுனு போங்க.”

அன்றைக்கு வீட்டில் புதுப் பாவு ஏற்றியிருந்தார்கள். அது தெரிந்துதான் கூப்பிட்டேன். அம்மா தறியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கொட்டாங்குச்சி நிறையச் சாம்பல். “வாங்கண்ணே, உக்காருங்க. கையில இழை இருக்குது, எழுந்துக்க முடியல” என்றாள். உன் நைனா கொட்டாங்குச்சியைப் பார்த்தார், தன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், திரும்பக் கொட்டாங்குச்சியைப் பார்த்தார்.

யாரும் சொல்லாமலே நீ போய் அம்மாவுக்கு எதிரே, என் இடத்தில் உட்கார்ந்தாய். சாம்பல் தொட்டாய். பிணைத்தாய். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. சற்று முன்னால் மடங்கிக் கிடந்த விரல்கள். அம்மா ஒரு இழையைச் சுண்டி இழுத்துப் பார்த்தாள். நின்றது.

“கெட்டியா இருக்குதே. யார்மா உனக்குக் கத்துக்குடுத்தது?”

நீ தலையைத் தூக்காமல் மோவாயால் என்னைக் காட்டினாய்.

அம்மா உன் நைனாவிடம் இரண்டு நுனியைக் கொடுத்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் வழுக்கியது. பிறகு, “எங்ககிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார். நீ பிணைத்துக்கொண்டே பதில் சொன்னாய்.

“நீங்க என்னைக் கேக்கவே இல்ல நைனா. பூசாரியத்தான் கேட்டீங்க.”

டப்பாவைத் தறி மேடையில் வைத்தார், வேப்பிலைக் கொத்தை வாசலில் போட்டுவிட்டுப் போனார். கோயில் பேச்சு அதோடு முடிந்தது. தாயத்தை மட்டும் கழற்றச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாராம்.

பெரிய டீச்சர் லேசில் விடவில்லை. மறுநாள் ஒரு கடிதம் எழுதி என் முன்னால் வைத்தார். வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாத பொருளைக் கொண்டுவந்தேன் என்று ஒரு வரி. இனி அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு வரி. இரண்டாவது வரியை அடித்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அடிக்க முடியாது என்றார். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவள்தான். பையைக்கூட எடுக்கவில்லை.

அதைப் பெரிய வீரம் மாதிரித் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் சினேகிதிக்காகப் படிப்பை விட்டேன் என்று. இரண்டு நாள் கழித்து நீ என் பையோடு வந்தாய். உள்ளே வரவில்லை. பையைத் திண்ணையில் போட்டாய்.

“எனக்காக வுட்டேன்னு சொல்லிக்கினு இருக்கியாமே? உனக்கு உக்கார முடியல, எழுந்து வந்துட்ட. அதுக்கு எம் பேர ஏண்டி இழுக்கற? பக்கத்துல இருக்கறேன்னு சொன்ன. இப்ப எம் பக்கத்துல யாரு இருக்கா?”

அந்த இரண்டாவது வரிக்குக் கையெழுத்துப் போடாமல் வந்தேன், ஆனால் அதில் எழுதியிருந்ததைத்தான் செய்தேன். இது புரிய எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. உனக்கு இரண்டே நாளில் புரிந்தது.

புதுச் சாம்பல் போட்டு டப்பாவை உன் கையில் கொடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? நீ வாங்கிக்கொண்டு, “இத இனிமே கீழ ஒளிக்க மாட்டேன்” என்றாய். ஒளிக்கவும் இல்லை. நீ பெருமை பேசுகிறவள் இல்லை, மற்றவர்கள்தான் வந்து சொன்னார்கள். மறுநாள் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாயாம். பெரிய டீச்சர் சுற்றி வந்தவர் உன்னிடம் நின்றாராம். நீ எழுந்து, “டீச்சர், இது இருந்தா பாடம் சொல்லுவேன். இல்லாட்டி விழுந்துடுவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றாயாம். குனிந்து டப்பாவைப் பார்த்தாராம். பிறகு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாராம்.

வாயாடி நான். நான் அங்கே சொல்ல வேண்டியதை நீ சொன்னாய், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தும் இருந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து வரி சொல்லிவிட்டு நின்றுபோனாயாம். உட்கார்ந்து நாலு இழை பிணைத்துவிட்டு, திரும்ப எழுந்து ஏழாவது வரியிலிருந்து முடித்தாயாம். ஆறாவது எங்கேடி என்று நான் கேட்டதற்கு, “அத அது எடுத்துக்கினு போவட்டும்” என்றாய். பேய்க்கு ஒரு வரி கொடுத்து அனுப்பியவள் இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான்.

பரீட்சை எழுதினாய். பாஸ் செய்தாய். வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்தாய். அங்கிருந்து வந்தபோது ஒரு தடவை சொன்னாய்: “என்ன மாதிரி ஒண்ணு எல்லா கிளாஸ்லயும் இருக்கும். அது எங்க உக்காந்துக்கினு இருக்குதுன்னு மொதல்ல பாக்கணும்.” பார்க்க உனக்கு நாள் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. பத்து நாள்தான்.

நான் அப்போது வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் இருந்தேன். அது எனக்கு நாலாவது வேலையோ ஐந்தாவதோ. சேதி வந்து, பஸ் பிடித்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டு வாசலில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயசிலிருந்து பிடித்திருந்தது கடைசியில் கொண்டுபோய்விட்டது என்று. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் நைனா எழுந்துவிட்டார்.

“எம் பொண்ணு மஞ்சக் காமாலையில செத்தா. அவளுக்குப் பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதையும் வெச்சுக்கினுதான் பரீட்சை எழுதினா. வேற பேச்சு எம் வூட்ல பேசாதீங்க.”

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வேப்பிலை இல்லை. வெறும் கையில் பிடித்து வந்தார்.

அந்த டப்பாதான் இது. இன்று காலை அதை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். பேர் கேட்கவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இரண்டு இழையைத் தரையில் வைத்தேன். அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள், தூக்கிப் போட்டாள். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கினாள். மூடியைத் திறந்தாள், மூடினாள். டக். திறந்தாள், மூடினாள். டக். நூறு தடவைக்கு மேல் இருக்கும். சாம்பல் எல்லாம் என் புடவையில். நான் பேசவில்லை. என் காலும் ஆடவில்லை, அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் மேசைக்கு வெளியே ஒரு காலை நீட்டினாள். ஒரு கால் மட்டும். வெயில் அதன்மேல் விழுந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

மேற்பார்வை அம்மா அடுத்த வாரம் வருவார். அதற்குள் இன்னொரு கால் வருமா, வராதா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் நோட்டைத் திறப்பார், ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்பார். போட மாட்டேன். ஆனால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வரவும் மாட்டேன். அதை ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று. என்னை அனுப்ப வேண்டுமென்றால் அவரும் குனிந்து உள்ளே வந்துதான் சொல்ல வேண்டும். நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருப்பேன். டப்பா மேசைமேல் திறந்திருக்கும்.